பாத்ரூம் தரைக்குக் கரண்ட் சூடு போடலாமா? இங்கிலாந்து வீட்டுக்காரங்களுக்கு ஒரு வழிகாட்டி

நம்ம ஊர்ல வீடு கட்டும்போது தரை குளுகுளுன்னு இருக்கணும்னுதான் ரெட் ஆக்சைடும் மொசைக்கும் பார்த்துப் பார்த்துப் போடுவாங்க, சித்திரை மாச மத்தியானம் பாய் கூட விரிக்காம வெறுந்தரையில சாய்ஞ்சா அப்படி ஒரு சுகம். அதே பழக்கத்தோட இங்கிலாந்து வந்து, செருப்பை வாசல்லயே கழட்டிட்டு, ஜனவரி மாசம் காலைல ஆறு மணிக்கு வெறுங்காலோட பாத்ரூம் டைல்ஸ்ல கால வச்சா உச்சந்தலை வரைக்கும் ஜிவ்வுன்னு ஏறும். எங்க வீடு ரெடிங் (Reading) ஊர்ல, 1930கள்ல கட்டின செமி, அதாவது ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டோட ஒட்டின வீடு. கீழ் பாத்ரூம் பின்னாடி எக்ஸ்டென்ஷன்ல இருக்கு, அடியில கான்கிரீட், மூணு பக்கம் வெளிச்சுவர். கோவில்பட்டியில இருந்து அம்மா ஒரு அக்டோபர்ல வந்து மார்ச் வரைக்கும் எங்களோட இருந்தாங்க, சாக்ஸ் போட்டுட்டுப் போனா நனைஞ்சிடுது, போடாமப் போனா கால் மரத்துப் போகுதுன்னு தினமும் சொல்லுவாங்க, அவங்களுக்கு ஏற்கனவே சுகர் வேற, கால் விஷயம்னா எங்களுக்கும் பயம். அப்போதான் எலக்ட்ரிக் அண்டர்ஃப்ளோர் ஹீட்டிங் பத்தி உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன்.

போட்டு இப்போ மூணாவது குளிர்காலம் ஓடுது. அதுக்கப்புறம் ரெண்டு நண்பர்கள் வீட்டுலயும் கூட இருந்து பார்த்தேன், ஒரு வீட்டுல அருமையா வந்துச்சு, இன்னொரு வீட்டுல பணத்தை முழுங்கிட்டு இருக்கு. நான் எலக்ட்ரீஷியன் இல்ல, சொந்த வீட்டுக்குப் போட்டவன், அவ்வளவுதான். ஆனா கடையில போய் நின்னா "எந்த மேட் வேணும்"னுதான் கேக்குறாங்க, "உங்களுக்கு இது வேணுமா"ன்னு யாரும் கேக்குறதில்ல. அந்தக் கேள்விக்கு நீங்களே பதில் கண்டுபிடிக்கத்தான் இதை எழுதுறேன். என் முடிவை முன்னாடியே சொல்லிடுறேன்: சின்ன ரூம், ஒரு நாளைக்குச் சில மணி நேரம், மேல டைல்ஸ், அடியில இன்சுலேஷன் (வெப்பம் கீழ போகாம தடுக்கிற அடுக்கு), இந்த நாலும் இருந்தா தாராளமா போடுங்க. வீடு முழுக்கக் கரண்ட் கேபிள் ஓட்டலாம்னு நினைச்சா வேண்டாம்.

முதல்ல இது என்னன்னு புரிஞ்சுக்கோங்க

அண்டர்ஃப்ளோர் ஹீட்டிங் ரெண்டு வகை. ஒண்ணு தண்ணி வகை, பாய்லரோ ஹீட் பம்போ சூடாக்குன தண்ணி தரைக்கு அடியில பிளாஸ்டிக் பைப்ல சுத்தி வரும். இன்னொண்ணு கரண்ட் வகை, டைல்ஸுக்கு அடியில மெல்லிசா ஒரு கேபிள், கரண்ட் பாஞ்சா சூடாகும், நம்ம அயர்ன் பாக்ஸ் என்ன தத்துவமோ அதேதான். கேபிள் பெரும்பாலும் ஒரு வலையில ஒட்டி மேட் மாதிரி சுருட்டி வரும், ரூம் கோணல்மாணலா இருந்தா தனிக் கேபிளா வாங்கி நாமே வளைச்சு வளைச்சுப் போடலாம், லேமினேட்டுக்கு அடியில போட ஃபாயில் மேட்னு தனியா இருக்கு.

கரண்ட் வகையில ஒரு யூனிட் கரண்ட் உள்ள போனா ஒரு யூனிட் வெப்பம் வெளிய வரும், கூடவும் இல்ல குறையவும் இல்ல. விளம்பரத்துல நூறு சதவீதம் எஃபிஷியன்ட்னு போட்டிருப்பாங்க, அது பொய் கிடையாது, ஆனா 20 பவுண்டு ஃபேன் ஹீட்டரும் அதே நூறு சதவீதம்தான். அதனால அந்த வார்த்தையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஹீட் பம்ப்னா வெளிய இருக்கிற காத்துல இருந்தும் வெப்பத்தை இழுத்துச் சேர்த்து ஒரு யூனிட் கரண்டுக்கு ஏறக்குறைய மூணு யூனிட் வெப்பம் குடுக்கும், அந்த வித்தியாசத்தை மட்டும் மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

காலுக்குச் சூடா, ரூமுக்குச் சூடா?

இதுதான் முதல் படி, நிறைய பேர் தாண்டிப் போற படியும் இதுதான். டைல்ஸ் சில்லுன்னு இருக்கு, அது மாறணும்னா அது காலுக்கு. ரேடியேட்டரைக் கழட்டிட்டு ரூம் முழுக்க இதை நம்பி இருக்கணும்னா அது ரூமுக்கு. ரெண்டும் வேற வேற கணக்கு.

ரூமுக்குன்னு வந்தா இதைக் கவனிங்க. அண்டர்ஃப்ளோர் ஹீட்டிங்குக்கான ஐரோப்பியத் தரநிலையில ஆளுங்க புழங்குற இடத்துல தரை 29 டிகிரிக்கு மேல போகக்கூடாது, பாத்ரூம்னா 33 வரைக்கும் விடுறாங்க. ரூம் 20 டிகிரி, தரை 29 டிகிரின்னு வச்சுக்கிட்டா ஒரு சதுர மீட்டர் தரை ரூமுக்குள்ள விடுறது சுமார் 100 வாட்ஸ்தான். மேட் பாக்ஸ்ல சதுர மீட்டருக்கு 150 வாட்ஸ், 200 வாட்ஸ்னு போட்டிருக்கும், அது தரை சீக்கிரம் சூடேற உதவும், அதுக்கப்புறம் சூட்டைப் பார்த்து ஆன் ஆஃப் பண்ற தெர்மோஸ்டாட் நிறுத்தி நிறுத்தித்தான் ஓட்டும். பழைய வீட்டு ரூம் ஒண்ணுக்குக் குளிர் நாள்ல 1,500 வாட்ஸ் தேவைன்னு வைங்க, சோஃபா, கப்போர்டு எல்லாம் போக உங்களுக்குக் கிடைக்கிற வெறுந்தரை 10 சதுர மீட்டர்னா 1,000 வாட்ஸ்தான் தேறும், மீதி 500க்கு எங்க போறது? ஹீட்டிங் பொருள் விக்கிற நிறையப் பேர் வெப்சைட்ல ஹீட் லாஸ் கால்குலேட்டர் இருக்கு, ரூம் அளவு, ஜன்னல், எத்தனை வெளிச்சுவர், இன்சுலேஷன் இருக்கா இல்லையான்னு போட்டா எத்தனை வாட்ஸ் வேணும்னு காட்டும், பத்து நிமிஷ வேலை, கண்டிப்பா போட்டுப் பாருங்க.

எங்க பாத்ரூமுக்குப் போட்டுப் பார்த்தப்போ தரைச் சூடு மட்டும் பத்தாதுன்னு தெளிவாத் தெரிஞ்சுது. அதனால டவல் மாட்டுற ரேடியேட்டரை, அதான் டவல் ரெயிலை, எடுக்கல, அது ரூமுக்கு, தரை காலுக்குன்னு பிரிச்சுக்கிட்டோம். இன்னைக்கும் அது சரியான முடிவுன்னுதான் நினைக்கிறேன்.

இப்போ பில்லு

இங்க மீட்டர்ல கிலோவாட் ஹவர்னு வர்றதுதான் நம்ம ஊர் யூனிட். இங்க கரண்ட், கேஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கிற ஆஃப்ஜெம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை விலை உச்சவரம்பு வைக்குது, 2025 அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் கரண்ட் ஒரு யூனிட்டுக்குச் சராசரியா 26.35 பென்ஸ், கேஸ் 6.29 பென்ஸா இருந்துச்சு, கீழ வர்ற கணக்கெல்லாம் அந்த விலையில போட்டது. கேஸ் பாய்லர்ல கொஞ்சம் வீணாப் போறதையும் சேர்த்தா ஒரு யூனிட் வெப்பம் கேஸ்ல 7 பென்ஸ் பக்கம் வரும், கரண்ட்ல 26. கிட்டத்தட்ட மூணே முக்கால் மடங்கு. இந்த ஒரு கணக்கு தலையில ஏறிடுச்சுன்னா பாதி முடிவு அங்கேயே ஆயிடும்.

கணக்குப் போடுற முறை சுலபம். வெறுந்தரை எத்தனை சதுர மீட்டர், அதை மேட்டோட வாட்ஸால பெருக்குங்க, 1,000ஆல வகுங்க, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை யூனிட்னு வந்துடும். எங்க பாத்ரூம்ல டப், டாய்லெட், பேசின் எல்லாம் கழிச்சா மேட் போட்டது 2.5 சதுர மீட்டர், 150 வாட்ஸ் மேட், மொத்தம் 375 வாட்ஸ். காலைல ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம் நிக்காம ஓடினாக்கூட ஒன்றரை யூனிட், 39 பென்ஸ், மாசம் 12 பவுண்டுக்குள்ள. நிஜத்துல தரை சூடானதும் தெர்மோஸ்டாட் நிறுத்திடும், அதனால ஸ்மார்ட் மீட்டர்ல நான் பார்த்த வரைக்கும் கடும் குளிர் நாள்லயே ஒரு யூனிட்டைச் சுத்திதான் போகுது. வருஷத்துல ஆறு மாசம்தான் ஓட்டுறோம். அந்தக் காசு எனக்கு உறுத்தல.

அதே கணக்கைக் கன்சர்வேட்டரிக்குப் போட்டுப் பாருங்க. நான் சொன்ன அந்த இன்னொரு நண்பர் வீடு இதுதான், சுத்தியும் கண்ணாடி, மேல பாலிகார்பனேட் கூரை. வீட்டு பாய்லர்ல இருந்து ரேடியேட்டர் இழுத்தா கன்சர்வேட்டரிக்குக் கிடைக்கிற பில்டிங் ரெகுலேஷன் விலக்கு போயிடும்ங்கிறதால தனியா இருக்கட்டும்னு கரண்ட் மேட் போட்டாரு, 12 சதுர மீட்டர், 200 வாட்ஸ், மொத்தம் 2.4 கிலோவாட். வீட்டுல இருந்தே வேலை, அதனால ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். வெப்பம் எல்லாம் கண்ணாடி வழியா ஓடுறதால தெர்மோஸ்டாட் நிக்கவே நிக்காது, 19.2 யூனிட், தினம் 5 பவுண்டு, மாசம் 150. அவ்வளவு குடுத்தும் டிசம்பர்ல ஜாக்கெட் போட்டுட்டுத்தான் உக்காந்திருக்காரு. மேட்ல குத்தம் இல்ல, மேட் நல்ல மேட். கூரையை முதல்ல மாத்தியிருக்கணும், அந்த ரூமுக்கு அதுதான் வைத்தியம்.

உங்க பில்லுல பகல் ரேட்டும் ராத்திரி ரேட்டும் வேற வேறயா இருந்தா அதையும் பாருங்க, காலைல அஞ்சரைக்குச் சூடு வேணும்ங்கறவங்களுக்கு ராத்திரி ரேட் கொஞ்சம் கை குடுக்கும். ஆனா இதுக்காக மட்டும் டேரிஃப் (கரண்ட் ரேட் பிளான்) மாத்த வேண்டாம்.

தரைக்கு அடியில என்ன இருக்கு

இந்த இடத்துல கொஞ்சம் நிதானமாப் படிங்க, நல்லா வந்த வீட்டுக்கும் வீணாப் போன வீட்டுக்கும் பெரும்பாலும் இதுதான் வித்தியாசம்.

கேபிள் சூடாச்சுன்னா வெப்பம் மேல மட்டும் போகாது, எந்தப் பக்கம் வழி கிடைக்குதோ அந்தப் பக்கம் போகும். நேராக் கான்கிரீட் மேல கேபிளை வச்சு டைல்ஸ் ஒட்டினா கான்கிரீட் அதை ஸ்பாஞ்சு தண்ணியைக் குடிக்கிற மாதிரி குடிச்சுக்கிட்டே இருக்கும், நம்ம கால் சூடாகுறதுக்கு முன்னாடி கீழ இருக்கிற மண்ணைச் சூடாக்கிட்டு இருப்போம். அதனாலதான் நடுவுல எக்ஸ்பிஎஸ்னு சொல்ற கெட்டி நுரை போர்டு வைக்கிறது, ரெண்டு பக்கமும் சிமெண்ட் பூச்சு இருக்கும், 6 மி.மீ., 10 மி.மீ., அதுக்கு மேலயும் கிடைக்கும். அந்த நுரை கான்கிரீட்டை விட 40 மடங்குக்கும் மேல கம்மியா வெப்பத்தைக் கடத்தும். போர்டு இருந்தா அரை மணி நேரத்துல தரை கதகதன்னு ஆயிடும், இல்லாட்டி ரெண்டு மணி நேரம் ஆனாலும் ஆகும், சில தரையில காலைல குளிச்சுட்டு ஆபீஸ் கிளம்பின பிறகுதான் சூடே வரும், யாருக்கு அது?

எங்க வீட்டுக்கு வந்து பார்த்த முதல் ஆள் போர்டு எதுக்கு, காசு வேஸ்ட்டு, நேரா ஒட்டிடலாம்னாரு. தரை உயரம் ஏறும், கதவைச் சீவணும்ங்கிறது அவரோட கவலை. கவலை நியாயமானதுதான், ஆனா வழி தப்பு. காசு கம்மியா இருந்தா விலை கம்மியான தெர்மோஸ்டாட் வாங்குங்க, இன்னும் கம்மியா இருந்தா இந்த வருஷம் போடாதீங்க, போர்டை மட்டும் விட்டுடாதீங்க. நாங்க 10 மி.மீ. போர்டு போட்டோம், மேட் 4 மி.மீ. கிட்ட, டைல் ஒட்டுற பசையான அட்ஹெசிவ், அதுக்கு மேல டைல், எல்லாம் சேர்ந்து 3 செ.மீ. பக்கம் வந்துச்சு, பழைய டைல்ஸைப் பேர்த்து எடுத்ததுல பாதி ஈடாச்சு, மீதிக்குக் கதவைச் சீவியாச்சு. உங்க ரூம்ல கதவு, வாசப்படி, டாய்லெட் பைப் உயரம் மூணையும் முன்னாடியே அளந்து வச்சுக்கோங்க.

மாடியில இருக்கிற பாத்ரூம்னா பெரும்பாலும் மரத்தரை. மரம் ஆடினா டைல்ஸ் வெடிக்கும், முதல்ல பலகை ஆடாம ஸ்க்ரூ பண்ணணும், அது மேல இதே போர்டை ஸ்க்ரூவும் வாஷரும் வச்சு இறுக்கலாம். கீழ்த்தளத்து மரத்தரைன்னா அடியில காத்து ஓடிட்டே இருக்கும், எப்படியும் பலகையைத் தூக்குறீங்கன்னா பலகையைத் தாங்குற மரச் சட்டமான ஜாயிஸ்ட்டுக்கு நடுவுல இன்சுலேஷன் அடைச்சுடுங்க, அது மட்டுமே குளிரை நல்லாக் குறைச்சிடும், அதுக்கப்புறம் கேபிளே தேவையில்லன்னு தோணினாலும் ஆச்சரியம் இல்ல.

தரைக்கு அடியில சூடு ஓட விடுறது புதுசும் இல்ல. ரெடிங்ல இருந்து ரயில்ல ஒரு மணி நேரத்துல பாத் நகரம். அங்க ரோமானியர் குளியல் கூடத்துல செங்கல் ஓடுகளை அடுக்கடுக்கா தூண் மாதிரி நிறுத்தி, அது மேல தரையைத் தூக்கி வச்சு, அடியில சூடான காத்தை ஓட விட்ட அமைப்பு இன்னும் இருக்கு. அம்மாவைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன், ரொம்ப நேரம் நின்னு பார்த்தாங்க.

மேல என்ன போடப் போறீங்க

டைல்ஸும் கல்லும்தான் இதுக்கு முதல் தரம், வெப்பத்தைச் சட்டுனு மேல விடும். லேமினேட், என்ஜினியர்டு வுட் போடலாம், ஆனா 27 டிகிரிக்கு மேல விடக்கூடாதுன்னு பெரும்பாலான கம்பெனி சொல்லுது, வாங்குறதுக்கு முன்னாடி அண்டர்ஃப்ளோர் ஹீட்டிங்குக்கு ஆகும்னு பெட்டியில எழுதியிருக்கான்னு பாருங்க. முழு மரப்பலகை சுருங்கி விரியும், நான் போட மாட்டேன். கார்ப்பெட்டும் அண்டர்லேயும் சேர்ந்து 2.5 டாக் தாண்டினா சூடு மேல வராது, டாக்ங்கிறது போர்வைக்குப் போடுற அதே அளவுதான். கார்ப்பெட் போட்ட பெட்ரூம்ல கால் ஏற்கனவே குளிராது, அங்க எதுக்கு இது?

சுகர் இருக்கிற பெரியவங்க வீட்டுல ஒரு விஷயம். கால்ல உணர்ச்சி கம்மியா இருக்கிறவங்களுக்குச் சூடு அதிகமானது தெரியாது. அதனால தரை உச்சவரம்பை 28ல பூட்டி வச்சிருக்கோம், தடிமனான மேட், பீன் பேக் எதையும் சூடான தரை மேல போடுறதில்ல, அடியில வெப்பம் தேங்கி அந்த இடம் மட்டும் கொதிக்கும். அம்மாவோட டாக்டர்கிட்டயும் கேட்டுக்கிட்டுத்தான் செஞ்சோம், நீங்களும் கேட்டுக்கோங்க.

யாருக்கு இது ஒத்து வராது

வாடகை வீடுன்னா விட்டுடுங்க. லீஸ்ஹோல்டு (கட்டடம் வேற ஒருத்தர் பேர்ல, உங்களுக்குக் குத்தகை உரிமை மட்டும்) ஃப்ளாட்னா தரையைத் தொடுறதுக்கு முன்னாடி லீஸைப் படிங்க, தரையை மாத்த அனுமதி வாங்கணும்னு இருக்கலாம், கார்ப்பெட்தான் போடணும்னு கூட இருக்கும்.

கீழ்த்தளம் முழுக்கத் தரையைப் பேர்த்துப் புதுசா ஸ்க்ரீட் (தரையை மட்டமாக்குற கெட்டியான சிமெண்ட் அடுக்கு) போடப் போறீங்க, இல்ல எக்ஸ்டென்ஷன் கட்டப் போறீங்கன்னா கரண்ட் கேபிளை மறந்துட்டு தண்ணி வகைக்குப் போங்க. போடும்போது செலவு அதிகம்தான், ஆனா 35ல இருந்து 45 டிகிரி தண்ணியே அதுக்குப் போதும், அந்தச் சூட்டுலதான் ஹீட் பம்பும் நல்லா ஓடும், இங்கிலாந்து, வேல்ஸ்ல ஹீட் பம்புக்கு பாய்லர் அப்கிரேடு ஸ்கீம்ல 7,500 பவுண்டு மானியம் வேற இருக்கு. முன்னாடி சொன்ன மூணு யூனிட் கணக்கு இங்கதான் வேலை செய்யுது. பெரிய ரூம்ல நேரடிக் கரண்டைப் பதிச்சுட்டா அந்த வாய்ப்பை டைல்ஸுக்கு அடியில புதைச்ச மாதிரி.

அப்புறம், பாத்ரூம் டைல்ஸ் நல்லா இருக்கு, மாத்துற எண்ணமே இல்லன்னா இதுக்காக மட்டும் உடைக்காதீங்க. டைல்ஸ் மாத்துற நாள் வரும்போது போடுங்க, அப்போ கூடுதல் செலவு மேட், போர்டு, தெர்மோஸ்டாட், எலக்ட்ரீஷியன் கூலி மட்டும்தான்.

எலக்ட்ரீஷியனும் சட்டமும்

இங்கிலாந்துல வீட்டு வயரிங் பில்டிங் ரெகுலேஷன்ல பார்ட் பி (Part P) கீழ வருது. புது சர்க்யூட் இழுத்தாலும் சரி, பாத்ரூம்ல ஷவர், டப்பைச் சுத்தின பகுதியில இருக்கிற சர்க்யூட்டை மாத்தினாலும் சரி, கவுன்சிலுக்குத் தெரியப்படுத்தணும். என்ஐசிஇஐசி, நாபிட் மாதிரி அமைப்புல பதிவு பண்ணின எலக்ட்ரீஷியனா இருந்தா அவரே சான்றிதழ் குடுத்துடுவாரு, நாம கவுன்சிலுக்கு அலைய வேண்டாம். அந்தக் காகிதத்தைப் பத்திரமா வைங்க, வீட்டை விக்கும்போது வாங்குறவங்க சொலிசிட்டர் கேப்பாங்க.

வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எலக்ட்ரீஷியனை வரச் சொல்லுங்க, டைல்ஸ் ஒட்டின பிறகு இல்ல. அவர்கிட்ட கேக்க வேண்டியது: கரண்ட் கசிஞ்சா உடனே நிறுத்துற 30 மில்லி ஆம்ப் ஆர்சிடி பாதுகாப்பு இருக்கா, கேபிளோட எர்த் சரியாச் சேருமா, கரண்ட் எங்கிருந்து எடுக்கப் போறாரு. சின்ன மேட்டுக்கு ஃப்யூஸ்டு ஸ்பர் (இருக்கிற சர்க்யூட்ல இருந்து ஃப்யூஸ் வச்சு இழுக்குற கிளை) போதும், அது அதிகபட்சம் 13 ஆம்ப், சுமார் 3 கிலோவாட். தெர்மோஸ்டாட்டைப் பாத்ரூமுக்கு வெளிய சுவத்துல வைக்கச் சொல்லுங்க. அப்படி வச்சா அது காத்தோட சூட்டைப் பார்த்து ஓடக்கூடாது, ஏன்னா அது பார்க்கிறது ஹால்வே காத்தை. தரை சென்சார் மோடுல வைக்கணும். நண்பர் ஒருத்தர் வீட்டுல ஒரு வாரம் தரை சூடே ஆகலன்னு புலம்பினாரு, போய்ப் பார்த்தா காத்து மோடு, ஹால்வே 21 டிகிரி, அது பாட்டுக்குத் தூங்கிட்டு இருந்துச்சு.

அளந்து வாங்குறது

தரையைப் பேப்பர்ல வரைங்க. டப், ஷவர் ட்ரே, டாய்லெட், தரையைத் தொட்டு நிக்கிற கப்போர்டு, கிச்சன்னா யூனிட்டும் ஃப்ரிட்ஜும், எல்லாத்தையும் அடிச்சுடுங்க. அதுக்கு அடியில கேபிள் போகவே கூடாது, வெப்பம் வெளிய போக வழியில்லாம கேபிள் கெட்டுடும். சுவரை ஒட்டி அஞ்சு செ.மீ. விடுங்க. மீதி இருக்கிற அளவை விடக் கொஞ்சம் சின்ன மேட்டாப் பார்த்து வாங்குங்க, பெருசா வாங்கி வெட்டிக்கலாம்னு நினைக்காதீங்க, வலையை வெட்டலாம், திருப்பலாம், கேபிளை வெட்டவே கூடாது. வெட்டினா அதோட ரெசிஸ்டன்ஸ் மாறி அதிகமாச் சூடேறும்.

தெர்மோஸ்டாட்ல ஏழு நாளைக்கும் தனித்தனி நேரம் வைக்கிற வசதி கண்டிப்பா இருக்கணும். மொபைல் ஆப், வைஃபை எல்லாம் உங்க விருப்பம், நாங்க வாங்கல, அம்மாவுக்குப் பட்டன் இருந்தாப் போதும்.

ஓம் பார்க்கிற வேலை

ஒரு மல்டிமீட்டர் வாங்குங்க, 15 பவுண்டுக்குள்ள கிடைக்கும், இந்த மொத்த வேலையிலயும் அதைவிடப் பிரயோஜனமான செலவு வேற இல்ல. கரண்ட் கனெக்ஷன் குடுக்குறதுக்கு முன்னாடி மேட்டோட ரெண்டு வயரையும் மீட்டர்ல வச்சுப் பாருங்க. அதுல வர்ற எண்தான் ஓம், கேபிளோட ரெசிஸ்டன்ஸ் அளவு. என்ன எண் வரணும்னு கணக்கு இருக்கு: 230ஐ 230ஆல பெருக்கி மேட்டோட மொத்த வாட்ஸால வகுங்க. எங்க 375 வாட்ஸ் மேட்டுக்கு 52,900ஐ 375ஆல வகுத்தா 141 ஓம். டப்பாவுல போட்டிருக்கிற எண்ணும் அதை ஒட்டித்தான் இருக்கும், கொஞ்சம் முன்னப்பின்ன வரலாம். பெட்டியைப் பிரிச்சதும் ஒரு தடவை, தரையில விரிச்சதும் ஒரு தடவை, டைல்ஸ் ஒட்டினதும் ஒரு தடவை, ஒவ்வொண்ணையும் தேதியோட எழுதி வைங்க, வாரண்டி கேட்டா அந்தத் தாளைத்தான் காட்டச் சொல்லுவாங்க. கேபிளுக்கும் எர்த்துக்கும் நடுவுல இன்சுலேஷன் டெஸ்ட் தனியா இருக்கு, அது எலக்ட்ரீஷியன் அவர் மெஷின்ல பார்ப்பாரு.

எங்க வீட்டுல பிரிச்சப்போ 141, விரிச்சப்போ 141. டைல்ஸ் ஒட்டுற அன்னைக்கு நான் லீவு போட்டுட்டுப் பக்கத்துலயே இருந்தேன், டைல்ஸ்காரர் டீ குடிக்க எந்திரிச்ச நேரம் சும்மா மீட்டரை வச்சுப் பார்த்தா எண்ணே வரல, லைன் அறுந்த மாதிரி காட்டுது. எனக்கு வயித்தைப் பிசைஞ்சுடுச்சு. அட்ஹெசிவை இழுக்குற பல்லு வச்ச கரண்டியோட முனை கேபிள்ல பட்டு வெட்டியிருக்கு. அவர் வேணும்னு செய்யல, மேட் மேல வேலை செஞ்சு பழக்கம் இல்ல. நல்ல வேளை காலைல பதினோரு மணிக்குப் பார்த்ததால அப்போ வரைக்கும் ஒட்டினது ஆறு டைல்தான், பசை இன்னும் ஈரம், ரெண்டு டைலைத் தூக்கினதும் வெட்டுப்பட்ட இடம் தெரிஞ்சுடுச்சு, எலக்ட்ரீஷியன் வந்து ரிப்பேர் கிட் வச்சு ஜாயிண்ட் போட்டாரு, மீட்டர்ல 142 வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்துச்சு. மறுநாள் டைல் இடுக்குல கிரவுட் அடிச்ச பிறகு பார்த்திருந்தா தரை முழுக்க உடைக்கணும். அதனால மூணு தடவைன்னு சொன்னதை ஒவ்வொரு வரிசை டைலுக்கும் ஒரு தடவைன்னு வச்சுக்கோங்க. வேலை நடக்கும்போது வயர்ல மாட்டி விட்டா அறுந்ததும் கத்துற சின்ன அலாரம் கூட விக்கிறாங்க. கேபிள் மேல மெல்லிசா தானா மட்டமாகுற செல்ஃப் லெவலிங் கலவை ஊத்திக் காய விட்டுட்டு டைல்ஸ் ஒட்டினா இந்த ஆபத்தே கம்மி, மறுபடி செய்யறதா இருந்தா நான் அப்படித்தான் செய்வேன்.

விரிக்கும்போது இன்னும் சில விஷயம். கேபிள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறக்கூடாது, தொடவும் கூடாது. சூடாகுற கேபிளும் சாதா வயரும் சேருற ஜாயிண்ட் தரையில அட்ஹெசிவுக்குள்ளதான் இருக்கணும், சுவத்துக்குள்ள ஏத்தக் கூடாது. தரை சென்சாரை ரெண்டு கேபிளுக்கு நடு மத்தியில, ஒரு சின்னக் குழாய்க்குள்ள விட்டு வைங்க, பின்னாளில சென்சார் கெட்டா டைல்ஸ் உடைக்காம உருவி மாத்தலாம். அட்ஹெசிவும் கிரவுட்டும் வளைஞ்சு குடுக்குற ஃப்ளெக்சிபிள் வகையா இருக்கணும், தரை சூடாகி ஆறும்போது கெட்டிப் பசை விட்டுடும். டைல்ஸ் மூடுறதுக்கு முன்னாடி நாலு பக்கத்துல இருந்தும் போட்டோ எடுங்க, அளவு டேப்பை வச்சுட்டே எடுங்க.

ஆன் பண்றது

ஒட்டி முடிச்சதும் கை பரபரக்கும், போடாதீங்க. பசையைச் சூட்டுல வேகமாக் காய வைக்கக் கூடாது, விரிசல் விடும். எத்தனை நாள்னு அட்ஹெசிவ் பாக்கெட்ல இருக்கும், நாங்க 14 நாள் விட்டோம். முதல் நாள் ரூம் சூட்டைவிட ரெண்டு மூணு டிகிரி மட்டும் ஏத்தி, தினம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, ஒரு வாரத்துல 28க்கு வந்தோம்.

இப்போ எங்க நேரம் காலைல அஞ்சரையில இருந்து எட்டு, சாயங்காலம் ஏழுல இருந்து ஒன்பது. நடுவுல முழுசா ஆஃப். நாள் முழுக்க மெல்லிசா ஓட விட்டா மிச்சம்னு சிலர் சொல்லுவாங்க, ஸ்க்ரீட்டுக்குள்ள புதைச்ச தண்ணி வகைக்கு அதுல நியாயம் இருக்கு, போர்டு மேல போட்ட மெல்லிசு மேட்டுக்கு அது வீண் செலவு, அரை மணியில சூடாகுற தரையை எதுக்கு நாள் பூரா காயப் போடணும்? ஏப்ரல் பாதியில மொத்தமா நிறுத்திடுவோம்.

கேபிள் எங்க ஓடுதுன்னு வரைஞ்ச படம், அந்த போட்டோ, ஓம் எழுதின தாள், எலக்ட்ரீஷியன் சான்றிதழ் நாலையும் ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு ஃப்யூஸ் பாக்ஸ் பக்கத்துல மாட்டி வைங்க, அண்டர்ஃப்ளோர் ஹீட்டிங் இருக்குன்னு ஸ்டிக்கரும் ஒட்டுங்க. பிளம்பர் டாய்லெட்டைத் தரையோட ஸ்க்ரூ பண்ண வர்ற அன்னைக்கு முதல்ல அந்தப் படத்தைத்தான் அவர் கையில குடுக்கணும். டோர் ஸ்டாப்பரைத் தரையில அடிக்காதீங்க, சுவத்துல அடிங்க.